நோயாளியின் பொழுது

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அரசர் பட்டமேறிய நாளையும், போர் மூண்ட நாளையும், ரயில் ஓடத் தொடங்கிய நாளையும் தவறாமல் குறித்து வைத்திருக்கின்றனர். வைத்திய சரித்திரம் எழுதியவர்களும், இன்ன கிருமியை இன்னார் கண்டார், இன்ன மருந்து இன்ன வருஷத்தில் வந்தது என்று வரிசைப்படுத்தியிருக்கின்றனர். ஆனால், ஒரு வேளை மருந்தை விழுங்கிவிட்டு அடுத்த வேளை மருந்து வரும் வரையில் படுக்கையில் கிடந்த மனிதன் அந்த இடைப்பொழுதை எப்படிக் கழித்தான் என்று எழுதியவர் மிகச் சிலரே. காலை ஆறு மணிக்குக் கண் விழித்த நோயாளிக்கு இரவு பத்து மணி வரையில் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அதில் வைத்தியர் அவனருகே நிற்பது ஐந்து நிமிஷம். உணவும் மருந்தும் குளியலும் சேர்ந்து ஒன்றரை மணி. மிச்சமுள்ள பதினான்கு மணி நேரமும் யாருடையது? இந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் காலந்தோறும் கிடைத்த விடைகள் எவை என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கிள்ளானிலிருந்தே தொடங்குவோம். 1901ஆம் வருஷத்தில் அப்பட்டினத்தில் மலேரியாக் காய்ச்சல் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அவ்வருஷமே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் அது விடவில்லை. டாக்டர் மால்கம் வாட்சன் என்பார் சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டி, கால்வாய் கட்டி, கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்து நோயை அடக்கினார். இச்செய்தி உலகப் புத்தகங்களில் ஏறியிருக்கிறது; ஏறத் தக்கதுதான். ஆயினும், விட்டு விட்டு வரும் குளிர்க்காய்ச்சலில் மாதக்கணக்காகப் பாயில் கிடந்த தொழிலாளியின் பகற்பொழுது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கொசுவுக்குச் சரித்திரம் உண்டு. கொசு கடித்தவனுக்கு இல்லை!

தோட்டத்தில் அவனுக்கு இடம் பெற்ற புத்தகம் ஒன்றே ஒன்று. அதுதான் செக்ரோல். நாம் தோட்ட ஆபீசில் அந்தச் செக்ரோலை எழுதிப் பிழைப்பவராகையால் அதன் தன்மையை நன்கு அறிவோம். பெரட்டுக்கு வந்தவனுக்கு ஒரு குறி. வராதவனுக்கு ஒரு குறி. நோயாளிக்கு ஒரு குறி. அந்தக் கட்டத்தில் இருக்கும் இடம் ஓர் எழுத்துக்குத்தான் போதும். 1923ஆம் வருஷத்துத் தொழிற் சட்டத் தொகுதி, தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டிய கடமையைத் தோட்ட முதலாளிகள் மேல் சுமத்தியது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் டிரெஸ்ஸர்களும் நமக்கு வாய்த்தது அவ்வழியில்தான். எனினும் அக்காலத்தில் நோயாளி என்பவன் பழுதுபட்ட கருவியாகவே எண்ணப்பட்டான். கருவியைப் பழுது பார்க்க வேண்டும்; அதற்குப் பொழுதுபோக்கு எதற்கு என்பதே துரைமார் எண்ணம்.

அந்நாளில் நோயாளிக்குக் கிடைத்த துணையெல்லாம் மனிதத் துணையே. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. லயத்துத் திண்ணையில் கிடந்தவனும் அதைக் கேட்டான். 1946இல் ரேடியோ மலாயா ஏற்பட்டுத் தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கிய பின், வாசிப்பவர் இடத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. ஆனால், அந்தப் பெட்டியையும் பலர் கூடியிருந்தே கேட்டனர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

சுங்கை பூலோ

நீண்ட நோய் என்றதும் இப்பள்ளத்தாக்கில் முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம் சுங்கை பூலோ. தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்க 1926இல் சட்டம் பிறந்தது. செத்தாப்பாக்கில் இருந்த பழைய தொழுநோய் விடுதியின் அவலத்தைக் கண்டு மனம் நொந்தவர் டாக்டர் டிராவர்ஸ். அவர் முயற்சியால் 1930இல் சுங்கை பூலோக் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறைக் கொட்டடி போலன்றி, ஏறக்குறைய 560 ஏக்கர் பரப்பில், மரங்களுக்கு நடுவே சிறு சிறு வீடுகளாக அது அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். சீனரும், மலாய்க்காரரும், நம்மவரும் ஒருங்கே இருந்தனர். பள்ளிக்கூடமும், விளையாட்டுத் திடலும், பல மதத்தாரின் வழிபாட்டு இடங்களும், சொந்தப் போலீசும், சிறையும், வெளியே செல்லாத தனி நாணய நோட்டுங்கூட அங்கே இருந்தன.

அக்கால அளவில் இதைப் பெரிய சீர்திருத்தம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, அவன் நாளை நிரப்ப வேலையும் விளையாட்டும் வேண்டும் என்பதை உணர்ந்து கட்டிய இடம் அது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமலிருத்தல் நேர்மையாகாது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. பொழுதுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. பொழுதைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய உற்றார் வேலிக்கு வெளியே இருந்தனர். நோய் நீங்கிய பின்னும் போக்கிடமின்றி அங்கேயே தங்கிவிட்டவர் பலர். அவர்கள் பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கினர். இன்று கோலாலம்பூர்வாசிகள் செடி வாங்கப் போகும் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளுக்குப் பின்னே இந்தச் சரித்திரம் நிற்கிறது. நோயாளியின் கையில் கிடந்த வெறும் பொழுதுதான் அத்தனை செடிகளாக முளைத்தது!

நோய் வீட்டுக்கு வந்த கதை

அடுத்தது காசநோய். பழைய நாளில் இதற்கு ஓய்வே மருந்து என்று கொள்ளப்பட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, அசையாத படுக்கை இம்மூன்றுக்காகவே சானடோரியங்கள் எழுந்தன. சென்னையை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928இல் நிறுவிய சானடோரியம் அவ்வகையைச் சேர்ந்தது. மலாயாவில் காசநோய்த் தடுப்புச் சங்கத்தின் முயற்சியால் லேடி டெம்ப்ளர் ஆஸ்பத்திரி 1955இல் கோலாலம்பூர் செராசில் ஏற்பட்டது. இத்தகைய இடங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் தங்கினர். வீட்டுக்கும் அவர்களுக்கும் தொடர்பு கடிதமும், பார்வையாளர் வரும் நாளுமே.

இந்த நிலையை மாற்றியது ஒரு தமிழ்நாட்டு ஆராய்ச்சி என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்திய நிலையம் அது. அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் பாக்ஸ். நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமானால், வீட்டிலிருந்தவர் குணமடைவது சானடோரியத்தில் இருந்தவருக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் அதிக ஆபத்து நேரவில்லை. உலகத்தின் காசநோய் வைத்தியமே இதனால் திசை மாறிற்று. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. மலாயாவிலும் 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்பட்டது.

இதன் பொருள் என்ன? நீண்ட நோய் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது என்பதே. நோயாளி சுற்றத்தாரிடையே வந்து சேர்ந்தான். அது பெரும் நன்மை. ஆனால் சுற்றத்தார் காலையில் வேலைக்குப் போய்விடுவர். கணவன் பால் வெட்டப் போனான். மனைவி களை எடுக்கப் போனாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயின. வீட்டில் எஞ்சியவர்கள் நோயாளியும் நாற்சுவருமே. சானடோரியத்தில் அடுத்த கட்டிலிலாவது ஒருவன் இருந்தான். வீட்டில் அவனும் இல்லை.

பெட்டி வந்தது

இந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சி வந்தது. 1963ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 28ந் தேதி, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியத் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே அதன் முதல் நிலையம். கோலாலம்பூர் வட்டாரமே முதலில் அதைக் கண்டது. 1969இல் நிலையம் அங்காசபுரிக்கு மாறியது. அவ்வருஷமே இரண்டாவது அலைவரிசையும் வந்தது. 1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. 1984 ஜூன் முதல் தேதி தனியார் அலைவரிசையான டிவி 3 தொடங்கியது. நோயைப் பற்றிய சென்னை முடிவு வெளியானது 1959. பெட்டி வந்தது 1963. நான்கே ஆண்டு இடைவெளியில், நோயும் அதன் துணையும் முன்பின்னாக வீட்டுக்குள் நுழைந்தன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சரித்திரத்தில் பல நன்மைகள் இவ்வாறே நேர்ந்திருக்கின்றன.

ஆயினும் அந்தப் பெட்டி நோயாளியை நினைத்துச் செய்யப்பட்டதன்று. ஆரம்ப ஆண்டுகளில் அது மாலையில் சில மணி நேரமே பேசியது. வேலை முடிந்து வீடு திரும்புவோருக்காக வைத்த நேரம் அது. நோயாளிக்கு நீண்டிருப்பது பகல். பெட்டி விழிப்பதோ மாலை. அந்தச் சில மணியும் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிக்கும் பங்கிடப்பட்டது. பங்கில் தமிழுக்கு விழுந்தது சிறு துண்டு. அதுவும் தோட்டத்தில் கிடைப்பது அரிது. பல தோட்டங்களில் மின்சாரம் இயந்திரத்தால் சில மணி நேரமே கொடுக்கப்பட்டது. தொழிலாளர் வீடுகளுக்குக் குடிநீரும் மின்சாரமும் போதிய அளவில் தர வேண்டுமென்று வற்புறுத்தும் சட்டம் 1990இல் வந்தது. பெட்டி வைத்திருப்போர் வருஷத்துக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலமும் ஒன்று உண்டு. நாட்கூலிக்காரனுக்கு 24 வெள்ளி சிறு தொகையன்று.

ஆகவே ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி, சில சமயம் ஒரு தோட்டத்துக்கே ஒரு பெட்டி என்ற நிலை இருந்தது. தமிழ்ப்படம் போடும் நாளில் பெட்டி உள்ள வீட்டில் பாய் விரித்துக் கூட்டம் உட்கார்ந்துவிடும். நோயாளிக்குச் சுவரோரம் சாய்ந்துகொள்ள இடம் ஒதுக்குவர். படம் பார்க்க வந்தவர்கள், "இன்று சாப்பிட்டாயா? இருமல் குறைந்ததா?" என்று கேட்டுவிட்டே போவர். பெட்டி தந்த பொழுது கொஞ்சம். பெட்டியின் பொருட்டு வந்த மனிதர் தந்த பொழுது அதிகம். இவ்வுண்மையை நம் தோட்டத்து முதியவர் எவரைக் கேட்டாலும் சொல்வர்.

நிற்க. 1980களில் வீடியோ நாடா பரவியது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்ப்பட நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகள் தோன்றின. இதைக் கேவலம் ஒரு வியாபாரம் என்று நினைத்தல் கூடாது. நோயாளியின் சரித்திரத்தில் இது ஒரு புரட்சி. அது வரையில் எப்பொழுது பார்ப்பது என்பதை நிலையத்தார் தீர்மானித்தனர். நாடா வந்த பின் அதை நோயாளியே தீர்மானித்தான். வலி வந்தால் நிறுத்தலாம். உறங்கி எழுந்து விட்ட இடத்தில் தொடரலாம். பிடித்த காட்சியைப் பத்துத் தரம் பார்க்கலாம். எழும் நேரம், உண்ணும் நேரம், மருந்து நேரம் எல்லாவற்றையும் பிறர் கையில் ஒப்புவித்துவிட்ட ஒருவனுக்குத் தன் கையால் நடத்தக்கூடிய ஒரு காரியம் கிடைத்தது. பின்னர் 1996இல் அஸ்ட்ரோ வந்து, வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் வந்தது. பகலிலும் தமிழ் கேட்டது. நோயாளியின் பகலுக்கு விடை கிடைக்க முதல் நாளிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.

பழையதை ஏன் தேடுகிறான்?

இங்கே ஒரு கேள்வி எழும். இத்தனை புதிய நிகழ்ச்சிகள் இருக்கையில் நோயாளி பழைய நிகழ்ச்சிகளையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்? சோம்பலென்றும் அறிவு மழுக்கமென்றும் சொல்லிவிடுவது எளிது. காரணத்தைத் தேடுவதே பகுத்தறிவுக்கு அழகு.

அமெரிக்காவில் நார்மன் கசின்ஸ் என்ற பத்திரிகாசிரியர் 1964இல் மூட்டுகளை முடக்கும் கொடிய நோய்க்கு ஆளானார். அவர் படம் காட்டும் கருவியை வரவழைத்து, "கேண்டிட் கேமரா" என்ற தொலைக்காட்சித் தொடரின் பழைய பகுதிகளையும், மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்களையும் படுக்கையில் கிடந்தபடி பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்ததென்று பிற்பாடு எழுதினார். 1976இல் ஒரு வைத்தியப் பத்திரிகையிலும், 1979இல் நூலாகவும் அது வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. சிரிப்பே மருந்து என்று பலர் மந்திரம் போல ஓதத் தொடங்கிவிட்டனர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். ஒருவர் அநுபவம் ஒருவர் அநுபவமே. அது சாஸ்திர முடிவாகாது. மேலும் அவருக்குக் கருவி கொண்டுவரவும், ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறவும் வசதி இருந்தது. நம் லயத்து நோயாளிக்கு அது ஏது? ஆனால் ஒன்று உறுதி. நோயாளியின் பொழுதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று வைத்தியர்களைச் சிந்திக்கச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அமெரிக்காவின் பபலோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெய் டெரிக் என்ற ஆராய்ச்சியாளர் 2012இல் வேறொரு கருத்தை வெளியிட்டார். மனத்தை அடக்கிப் பாடுபட்டுக் களைத்தவர்கள் தமக்கு முன்பே பழக்கமான கதையுலகை நாடுகின்றனர். அதனால் இழந்த மனவலிமையை ஓரளவு மீளப் பெறுகின்றனர். கண்ணில் பட்ட எதையோ பார்ப்பதால் அப்பயன் கிட்டுவதில்லை என்பது அதன் சாரம். புதிய கதையில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கூர்ந்து கவனிக்க வேண்டும். பழைய கதையில் அந்த உழைப்பு இல்லை.

நாமும் சில ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் நோயால் ஒன்பது மாதம் படுக்கையிலும் திண்ணையிலுமாகக் கழித்தவராதலின், இதை நேரில் அறிவோம். அம்மாதங்களில் நாம் பார்த்தவை இரண்டு. ஒன்று, 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்த "மெட்டி ஒலி". ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனாரின் கதை அது. மற்றொன்று, ஒத்மான் ஹப்சாம் உருவாக்கி, 1985 முதல் 2002 வரை டிவி 3இல் நடந்த "பி மாய் பி மாய் தாங் து" என்ற மலாய் நகைச்சுவைத் தொடர். அடுக்குமாடி வீடுகளில் வாழும் பல இனத்தாரைப் பற்றியது அது. எங்கெங்கோ போய் வந்தாலும் கடைசியில் அங்கேயேதான் என்பது அப்பெயரின் பொருள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்து களைத்துக் கட்டிலுக்கே திரும்பும் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறுண்டோ?

அம்மாதங்களில் நாம் கண்டது இதுவே: புதிய கதையின் நடுவில் உறங்கிவிட்டால் கதை போய்விடும், பழைய கதையின் நடுவில் உறங்கினால் ஒன்றும் போவதில்லை. மருந்தின் மயக்கத்தில் கால் மணிக்கு ஒருமுறை கண்ணயரும் ஒருவனுக்கு இது பெரிய சௌகரியம். இன்னொரு காரணம் இதனினும் ஆழமானது. நோயாளிக்குத் தன் கதையின் முடிவு தெரியாது. வைத்தியர் அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார். எக்ஸ்-ரே அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். அத்தகையவனுக்கு முடிவு தெரிந்த கதை ஒன்றாவது வேண்டியிருக்கிறது. மூன்றாவது, பழைய நிகழ்ச்சி அவன் நன்றாயிருந்த நாளில் பார்த்தது. அதைப் பார்க்கையில் படுக்கையில் கிடப்பவன் கண்ணுக்கு, கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாயாரோடும் தங்கையோடும் அதைப் பார்த்த பழைய தான் தெரிகிறான்.

2020

நீண்ட நோயின் சரித்திரம் சுற்றிச் சுற்றிச் சுங்கை பூலோவுக்கே திரும்பியது. 2020ஆம் வருஷம் மார்ச் 18ந் தேதி, கொரோனாத் தொற்றைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. நோய் கண்டவர்களை ஏற்ற முக்கிய ஆஸ்பத்திரி சுங்கை பூலோவிலுள்ளது. தொண்ணூறு ஆண்டுக்கு முன் பிரித்து வைப்பதற்கென்றே குடியிருப்பு எழுந்த அதே வட்டாரத்தில், மறுபடியும் மனிதர் மனிதரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். பார்வையாளருக்கு அநுமதியில்லை. ஆனால் இம்முறை ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. அதற்குள் பழைய நிகழ்ச்சிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

பழையதைத் தேடியவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர். வீட்டுக்குள் அடைபட்ட நாடுகளே தேடின. இந்தியத் தூர்தர்ஷன் 1987இல் காட்டத் தொடங்கிய "ராமாயண்" தொடரை 2020 மார்ச் 28 முதல் மறுபடி ஒளிபரப்பியது. ஏப்ரல் 16ந் தேதிப் பகுதியை 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. சன் தொலைக்காட்சி "மெட்டி ஒலி"யை மீண்டும் காட்டியது. முடிவு தெரியாத நோய்க்காலத்தில் முடிவு தெரிந்த கதையைத் தேடுவது தனி மனிதனின் பலவீனமன்று, மனித இயல்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1930இல் சுங்கை பூலோ நோயாளிக்குத் தோட்டமும் திடலும் இருந்தன, உறவினர் இல்லை. 1970களில் லயத்து நோயாளிக்கு நிகழ்ச்சி கொஞ்சம், கூட்டம் நிறைய. இன்று நிகழ்ச்சி கணக்கற்றது, கூட்டம் இல்லை. பெட்டி பொதுவாயிருந்தபோது நோயாளியைத் தேடி மனிதர் வந்தனர். பெட்டி கைக்குள் அடங்கியதும் மனிதர் வருவது நின்றுவிட்டது. "அவருக்கென்ன, போனைக் கொடுத்தாயிற்று, பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி வாசற்படியிலிருந்தே திரும்பும் உறவினரை நாம் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! நோயாளி தேடியது கதையை மட்டுமா? அந்தக் கதையைத் தன்னோடு பார்த்தவர்களையும் சேர்த்தல்லவா அவன் தேடுகிறான்?

கூலியும் பொழுதும்

இன்னொரு தரப்பார் கேட்கக்கூடும்: படுத்திருப்பவன் படம் பார்த்தால் என்ன, பாராவிட்டால் என்ன? இதற்கு ஒரு கட்டுரையா? இவர்களுக்குச் செக்ரோலைக் காட்டியே பதில் சொல்வோம். பொழுதுபோக்கு என்பது பொழுது உடையவனுக்கே. கூலி அறுந்தவனுக்குப் பொழுது ஏது? அவனுக்கு இருப்பது கணக்கு. இன்று போன நாட்கூலி எவ்வளவு, மளிகைக் கடைப் பாக்கி எவ்வளவு, பிள்ளையின் பள்ளிச் செலவு எவ்வளவு என்று கூட்டிக் கூட்டிப் பார்ப்பவன் கண்முன்னே எந்த நிகழ்ச்சியை வைத்தாலும் அவன் காண்பது அந்தக் கணக்கையே.

1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாளும், ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். இந்த 60 நாளில் முந்திய நாட்களைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் 2023 ஜனவரி முதல் நீங்கி, அது தனிக் கணக்காயிற்று. நல்ல திருத்தமே, வரவேற்கிறோம். ஆனால் காசநோய்க்கு மருந்து வழக்கமாக ஆறு மாதம். வீட்டிலிருந்தே குணமாகலாமென்று சென்னை ஆராய்ச்சி காட்டியது. வீட்டிலிருப்பவனுக்கோ 22 நாளுக்கு மேல் சட்டம் பேசவில்லை. விஞ்ஞானம் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிற்று. கூலி அவனோடு வீட்டுக்கு வரவில்லை. ஆதலால் பாதி குணமானதும் மருந்தை நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடுகிறவர் உண்டு. அவர்கள் நோய் திரும்புவதும், முன்னைவிடக் கடுமையாகத் திரும்புவதும் உண்டு. இதற்கு அவர்களைப் பழிப்பது நியாயமாகாது.

இன்று தோட்டங்களில் நம்மவர் தொகை அருகிவிட்டது. பலர் கிள்ளானுக்கும் மற்றப் பட்டினங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். செம்பனைக்குலை வெட்டுவோரில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மற்ற அயல்நாட்டாருமே மிகுதி. அவர்களில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கையில் பார்த்தால், தம் ஊர்ப் பழைய நாடகத்தையோ பாட்டையோ கைப்பேசியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மொழி நமக்கு விளங்காது. அவர் ஏன் அதைப் பார்க்கிறார் என்பது நன்றாக விளங்கும். நம் பாட்டனார் இருந்த இடத்தில் இன்று அவர் இருக்கிறார். நமக்குக் கேட்கும் உரிமையை அவருக்கும் சேர்த்துக் கேட்காவிடில் நம் சீர்திருத்தம் சாதிச் சீர்திருத்தமாக முடியும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. நீண்ட நோய்க்கு, வைத்தியர் ஓய்வு வேண்டுமென்று எழுதிக் கொடுக்கும் காலம் முழுவதற்கும், ஆஸ்பத்திரியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும், பிழைப்புக்குப் போதிய பகுதிக் கூலியாவது சட்டப்படி கிடைக்க வேண்டும். நீண்ட நாள் தங்கும் ஆஸ்பத்திரிக் கூடங்களில், நோயாளியின் தாய்மொழியில் பார்க்கவும் கேட்கவும் வசதியும், பக்கத்துக் கட்டிலாருக்குத் தொந்தரவின்றிக் கேட்கக் காதுக்கருவியும் இருக்க வேண்டும். நம் சங்கங்களும் வாசகசாலைகளும், ஆண்டு விழாவுக்குச் செலவிடும் முயற்சியில் பத்தில் ஒரு பங்கை, வீட்டில் நோயாகக் கிடப்பவரை வாரம் ஒரு தரம் போய்ப் பார்ப்பதில் செலவிட வேண்டும். பழக்கூடையோடு போய் ஐந்து நிமிஷம் நின்று, தமக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் சொல்லிவிட்டு வருவதை நாம் குறிப்பிடவில்லை. உட்கார வேண்டும். அவர் எந்தப் பழைய தொடரைப் பார்க்கிறாரோ அதன் ஒரு பகுதியை அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் அவர் உறங்கிவிட்டால் ஓசையைக் குறைத்துவிட்டு, அவர் விழிக்கும் வரையில் இருந்துவிட்டு வர வேண்டும். இதற்கு முப்பது நிமிஷம் ஆகும். சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை.